விதை மூட்டைக்குள் ஒரு சீட்டு

புயல் கடந்து நாலு நாள் கழித்துத்தான் முகையூரில் ஒழுங்கான வெயில் அடித்தது. ஊரே நனைந்ததைக் காயப் போட்டுக்கொண்டிருந்தது. பாய், தலையணை, பிள்ளைகளின் பாடப் புத்தகம், ரேஷன் அரிசி, கல்யாண போட்டோ எல்லாம் திண்ணையிலும் தெருவிலும் கிடந்தன. எங்கள் வீட்டில் பின்கட்டுச் சுவர் விழுந்து பரண் சரிந்திருந்தது. தம்பி சேற்றுக்குள் கைவிட்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவி வாசலில் வைத்தான். பித்தளைத் தூக்கு, விளிம்பு உடைந்த மரக்கால், ஆயாவின் முறம். கடைசியாக ஒரு தகர டப்பா. துரு ஏறி மூடி இறுகிப் போயிருந்தது. அரிவாள்மணையின் முனையால் நெம்பித் திறந்தான்.

உள்ளே இருந்து ஒரு வாசனை எழுந்தது. காய்ந்த வேப்பிலையின் கசப்பு, பழைய காகிதத்தின் புழுக்கம், அவற்றுக்கு அடியில் மல்லாட்டைப் புழுதி. வெளியூரில் நிலக்கடலை என்றும் வேர்க்கடலை என்றும் சொல்வதை நாங்கள் மல்லாட்டை என்போம். மணிலாக்கொட்டை என்பது எங்கள் வாயில் தேய்ந்து அப்படி ஆகிவிட்டது. அந்த வாசனை மூக்கில் பட்டதும் நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். டப்பாவுக்குள் பீடி அளவுக்குச் சுருட்டிய காகிதச் சீட்டுகள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. முறத்தைத் துடைத்து, ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து வெயிலில் பரப்பினேன். கிழியாமல் பிரிக்க ஒரு முழுப் பகல் ஆயிற்று.

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறிய ஃபெஞ்சல் புயல் உடனே நகர்ந்து போகவில்லை. எங்கள் மாவட்டத்தின் தலைக்கு மேலேயே நின்றுகொண்டு கொட்டியது. திண்டிவனத்தை ஒட்டிய மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர். டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடித் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை ஆறு அரகண்டநல்லூர் வீடுகளுக்குள் வந்தது. விழுப்புரத்தில் வாடகை வீட்டு மாடியில் நின்றபடி தம்பிக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்தேன். மணியே அடிக்கவில்லை. அந்த இரண்டு நாளும் என் வாயில் இருந்தது ஒரே ஒரு வாக்கு. ஆற்றைக் கடக்கும்போதும் தீக்குள் நடக்கும்போதும் தன் மக்களை விட்டு விலகுவதில்லை என்று ஏசாயா வழியாகக் கடவுள் கொடுத்த வாக்கு. அது 43ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆனால் நான் அதை வேதாகமத்தில் முதலில் படித்தவள் இல்லை. இந்த டப்பாவிலிருந்த சீட்டு ஒன்றில்தான் படித்தேன். பத்து வயதில், பயந்துபோய், படித்ததை மறைத்தேன்.

அந்தக் கதைக்கு முன்னால் ஆயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆயா என்றால் அப்பாவைப் பெற்றவள். நாங்கள் பரம்பரைக் கத்தோலிக்கர்கள். மகிமை மாதா கோயில் மணி அடித்தால் களை கொத்தும் கை நின்றுவிடும்; நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு அப்புறம்தான் அடுத்த கொத்து. இந்தச் சீட்டுப் பெட்டி கத்தோலிக்க வீட்டு வழக்கம் அல்ல. ஆயாவின் கடைசிப் பிரசவத்தில் பிள்ளை குறுக்கே நின்றுவிட்டதாம். கட்டைவண்டியில் போட்டு, ஆற்றைத் தாண்டி, திருக்கோவிலூர் டேனிஷ் மிஷன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அங்கே ராத்திரியெல்லாம் பக்கத்தில் நின்ற நர்சம்மா லுத்தரன் சபைக்காரர். ஊருக்குத் திரும்பும் நாளில் ஒரு சின்ன அட்டைப் பெட்டியை ஆயாவின் மடியில் வைத்தாராம். வாக்குத்தத்தப் பெட்டி. வேதாகமத்தில் கடவுள் கொடுத்த வாக்குகளை ஒவ்வொரு சீட்டில் ஒவ்வொன்றாக அச்சடித்துச் சுருட்டி அடுக்கியிருப்பார்கள். கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் படிக்க வேண்டும்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு தேடிப் படித்தேன். டென்மார்க் அரசர் அனுப்பி 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க், ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தில் வளர்ந்தவர். அதே ஹாலேயில் படித்த போகாட்ஸ்கி என்பவர் 1718இல் நாளுக்கு ஒரு வசனமாகத் தொகுத்து ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதன் பெயருக்கே பொன் புதையல் பெட்டி என்றுதான் பொருள். ஹாலேயில் முளைத்த பழக்கம் கடலும் காலமும் தாண்டி, படிக்கத் தெரியாத ஒரு முகையூர்க்காரியின் மடிக்கு வந்து சேர்ந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

ஊரில் அப்போதிருந்த உபதேசியாருக்கு அது பிடிக்கவில்லை. நம்ம சபை வழக்கம் இல்லையே என்று பங்குச் சாமியாரிடம் சொல்லிவிட்டார். சாமியார் வீட்டுக்கே வந்தார். ஆயா நடுங்கிக்கொண்டே பெட்டியை நீட்டினாள். சாமியார் ஒரு சீட்டை எடுத்துப் பிரித்துப் படித்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டு, திரும்பச் சுருட்டி, அதே இடத்தில் செருகிவிட்டு, மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை.

அட்டைப் பெட்டி மக்கிப் போனதும் ஆயா சீட்டுகளைத் தகர டப்பாவுக்கு மாற்றினாள். பண்டிகைக்கோ வருசப்பிறப்புக்கோ அவள் சீட்டு எடுத்ததில்லை. விதைப்புக்கு முதல் நாள் ராத்திரிதான் எடுப்பாள். பட்டத்துக்கு முன்னால் ஒரு வாரம் வீட்டில் மல்லாட்டை உடைக்கும் சத்தம்தான். தெருப் பெண்கள் எல்லாம் திண்ணையில் உட்கார்ந்து, விதைக்கொட்டையின் தோல் உரியாமல் பதமாக உடைப்பார்கள். தோல் போனால் சரியாக முளைக்காது. இப்போது மெஷின் வந்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் முடிகிறது. அந்தத் திண்ணைப் பேச்சும் அதோடு போய்விட்டது. உடைத்து முடித்த ராத்திரி, செபமாலை சொன்ன பிறகு, ஆயா கையைக் கழுவிக்கொண்டு வந்து கண்ணை மூடுவாள். எடுத்த சீட்டை என்னிடம் நீட்டுவாள்.

"இன்னா சொல்றாரு, படி பாப்பா."

படிப்பேன். இன்னொரு தரம் என்பாள். மூன்றாவது தரம் அவளும் கூடவே சொல்வாள். பிறகு சீட்டை ஒரு கொத்து வேப்பிலையில் பொதிந்து விதை மூட்டைக்குள் வைத்துவிடுவாள். விடிந்ததும் மூட்டை கொல்லைக்குப் போகும். ஏர் முன்னால் போக, சாலில் முதல் விதையை ஆயா போடுவாள். சாயங்காலம் மூட்டை காலியானதும் சீட்டு டப்பாவுக்குத் திரும்பிவிடும்.

ஒரு வருசம் ஆடியில் விதைத்தோம். இருபது நாள் வானம் வாயே திறக்கவில்லை. முளைத்த கொஞ்சமும் கருகியது. அறுப்புக்குக் கிடைத்தது இரண்டு மூட்டை. அடுத்த பட்டத்துக்கு அவள் மறுபடி கையைக் கழுவிக்கொண்டு வந்தபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"போன வருசம் சொன்னது நடக்கலியே ஆயா?"

"இந்த வருசமே செய்யறேன்னு அதுல எழுதியிருந்துதா?"

எழுதவில்லை. எனக்கு நன்றாக நினைவிருந்தது. அவள் சீட்டை நீட்டியபடியே சொன்னாள். "சொன்னவரு மறக்க மாட்டாரு பாப்பா. நாமதான் மறந்துபுடுவோம். அதுக்குத்தான் எழுதி வச்சிக்கினுது."

நான் ஐந்தாவது படிக்கும்போது அப்பாவுக்குக் காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், பத்தியம் இருந்தார்கள். கண்ணின் வெள்ளை எலுமிச்சை நிறமானதும் புதுச்சேரிக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அம்மா கூடப் போய்விட்டாள். வீட்டில் ஆயாவும் நானும் தம்பியும். மூன்றாம் நாள் ராத்திரி, விதைப்புக் காலமே இல்லாத நேரத்தில், ஆயா டப்பாவை இறக்கினாள். அப்படி அவள் செய்து நான் பார்த்ததே இல்லை. சிம்னி விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக் கண்ணை மூடி எடுத்தாள். அவள் கை அன்றைக்கு ரொம்ப நேரம் டப்பாவுக்குள்ளேயே இருந்தது.

சீட்டைப் பிரித்தேன். நீளமான வசனம். என் கண்ணில் பட்டது தண்ணீர், ஆறு, நெருப்பு என்ற மூன்றுதான். அப்பா தண்ணீரில் முழுகிப் போகிற மாதிரியும், எங்கள் வீடு எரிகிற மாதிரியும் மனசுக்குள் ஓடிற்று. அதற்கு மேல் படிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆயா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு சீட்டில் எப்போதோ படித்த, கடவுள் குணமாக்குவதாகச் சொல்லும் சின்ன வாக்கு எனக்கு மனப்பாடம். அதைச் சொன்னேன். இரண்டே வார்த்தை.

இன்னொரு தரம் என்றாள். சொன்னேன். மூன்றாவது தரம் அவளும் சொன்னாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. சீட்டை டப்பாவில் போடாமல் இடுப்பிலிருந்த சுருக்குப்பையில் வைத்து, கயிற்றை இழுத்து முடிந்துகொண்டாள்.

ஒன்பதாம் நாள் அப்பாவை வேனில் கொண்டுவந்தார்கள்.

கோயில் மணி துக்கத்துக்கு அடிக்கிற மாதிரி அடித்தது. பெட்டியின் மேல் மண் போடச் சொல்லி என் கையில் கொடுத்தார்கள். அப்போது என் மனசில் ஒன்றே ஒன்றுதான் ஓடியது: நான் கடவுள் சொல்லாததை அவர் சொன்னதாகச் சொன்னேன், அதனால்தான் இப்படி ஆயிற்று. பத்து வயதுப் பிள்ளையின் கணக்கு அப்படித்தான் இருக்கும். அதை யாரிடமும் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்கால் போட்டு, பொய் சொன்னேன் சாமி என்று மட்டும் சொன்னேன். எத்தனை தரம் என்று கேட்டார். ஒரு தரம் என்றேன். மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். அந்த வருசம் முழுக்க, ஒவ்வொரு ராத்திரியும் அந்த மூன்றையும் சொல்லிக்கொண்டே தூங்கினேன்.

அப்பா வாங்கியிருந்த கடன் எங்களுக்குத் தெரிந்ததைவிட அதிகம். கல்லறை மண் காயும் முன்னே ஆட்கள் வாசலுக்கு வந்தார்கள். எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. மறுத்திருந்தால் பாதிப் பேரால் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆயா எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னாள்: "எம்புள்ள வாங்குனது. நான் தரேன்." அடுத்த இரண்டு அறுப்பின் மல்லாட்டையும் அரகண்டநல்லூர் கமிட்டியில் போட்டு எடுத்த பணம், வீட்டுக்கு வராமல் அங்கிருந்தே ஒவ்வொருவர் கைக்கும் போயிற்று. கமிட்டி வாசலில் கடைசி ஆளுக்கு எண்ணிக் கொடுத்த அன்று அவளோடு நானும் இருந்தேன். பஸ்ஸுக்கு எடுத்து வைத்த காசு போக மீதியில் எனக்கு ஒரு பொட்டலம் காராசேவு வாங்கித் தந்தாள். வாக்கு என்றால் ஆயாவுக்கு அதுதான். கொடுத்தவர் உயிரோடு இருக்கும்வரை அது நிற்கும். அவள் கடவுளை நம்பியதும் அதே மாதிரிதான். தானே ஒரு சொல்லுக்காக இரண்டு வருசம் கேழ்வரகுக் கூழோடு இருந்தவள், கடவுள் தன் சொல்லை விட்டுவிடுவார் என்று எப்படி நினைப்பாள்?

விதைப்புக்கு முன்னால் சீட்டு எடுப்பதும் நிற்கவில்லை. படிப்பது மட்டும் தம்பி என்று ஆயிற்று. எனக்குக் கண் வலி, தலை வலி என்று ஏதாவது சொல்லி நகர்ந்துவிடுவேன். ஆயா கேட்டதே இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. சாயங்காலம் தெரு விளக்கின் கீழே பாய் விரித்து, படித்த பெண்பிள்ளைகள் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். களை வெட்டிவிட்டு வந்த பெண்கள் கால் கழுவின ஈரத்தோடு உட்கார்ந்து பட்டா, படி என்று எழுத்துக் கூட்டினார்கள். அறுபதைத் தாண்டிய ஆயா முதல் நாளே போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். சிலேட்டில் தன் பெயரை முதல் முறை எழுதிய அன்று அதை அழிக்கவிடவில்லை. மாடத்தில் மாதா படத்துக்குப் பக்கத்தில் இரண்டு நாள் சிலேட்டு நின்றது.

ஐந்தாறு மாதம் போயிருக்கும். நான் குழாயடியிலிருந்து குடத்தோடு வருகிறேன். திண்ணையில் ஆயா காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். சுருக்குப்பை பிரிந்து கிடக்கிறது. கையில் அந்தச் சீட்டு. ஓரமெல்லாம் வெற்றிலைக் கறையும் சுண்ணாம்புமாக, மடிப்பில் நைந்து. எனக்குக் குடத்தை இறக்கி வைக்கவும் தெரியவில்லை.

அவள் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினாள். த, ண், ணீ, ர் என்று சத்தமாகச் சொல்லி, சேர்த்துச் சொல்லி, அடுத்ததற்குப் போனாள். சாயங்கால வெயில் திண்ணையை விட்டு இறங்கித் தெருவுக்குப் போகிற வரைக்கும் படித்தாள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது தரம் தடங்கல் இல்லாமல் வந்தது. அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். குடத்துத் தண்ணீர் என் தோளில் வழிந்துகொண்டிருந்தது.

"இத அன்னிக்கே படிச்சிருக்கலாமே பாப்பா."

நான் அழுதேன். ஏழு வயதுக்காரி மாதிரி ஏங்கி ஏங்கி அழுதேன். தண்ணீரையும் நெருப்பையும் பார்த்துப் பயந்ததை, அதற்குமேல் படிக்காததை, அதனால்தான் அப்பா போனார் என்று இத்தனை வருசம் நினைத்ததை, எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் குடத்தை வாங்கி இறக்கி வைத்தாள். முந்தானையால் என் தோளைத் துடைத்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நீ சொன்னத நம்பித்தான் ஒம்போது நாளும் இருந்தேன். அப்பறம் ஒங்கப்பன் போயிட்டான். ஏன் இப்பிடி சொன்னாருன்னு எத்தினி ராத்திரி கேட்டிருக்கேன் தெரியுமா? அவரு அப்பிடிச் சொல்லவேயில்ல. இது வேற. தண்ணி வராதுன்னு இதுல சொல்லல. தண்ணிக்குள்ள நானும் வரேன்றாரு. இத அன்னிக்கே கேட்டிருந்தா, ஆஸ்பத்திரிக்குப் போயி ஒங்கப்பன் காதுல சொல்லியிருப்பேன்."

இத்தனை வருசத்தில் எத்தனையோ மறையுரை கேட்டிருக்கிறேன், தியானத்துக்குப் போயிருக்கிறேன். கடவுளுடைய வாக்கைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தத் திண்ணையில் கேட்டதுதான். நான் மறைத்த சீட்டில்தான் எங்களுக்கு வேண்டியது இருந்தது. நல்லதாகத் தெரிந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டு, பெரியதை ஒளித்து வைத்திருக்கிறேன். ஆயா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ஆனால் அடுத்த விதைப்புக்கு டப்பாவை என்னிடம்தான் நீட்டினாள். தானே படிக்கத் தெரிந்த பிறகும், "நீ படி பாப்பா" என்றாள்.

கல்லூரி நாட்களில் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கான பயிற்சிக்காகத் திண்டிவனம் போனேன். தமிழக விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையம் அங்கேதான் இருக்கிறது. 1995இல் பொது மொழிபெயர்ப்பாகத் திருவிவிலியம் அங்கிருந்து வெளிவந்தது. உதவித்தொகையில் மிச்சம் பிடித்து ஆயாவுக்கு ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன். பையை இறக்கும் முன்னே அவள் கேட்டாள்: "திண்டிவனமா போன? வெதக்கொட்ட வாங்கியாந்தியா?" அவளுக்குத் திண்டிவனம் என்றால் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம். டி.எம்.வி. 7 என்று 1967இல் வந்த மல்லாட்டை ரகத்தின் பெயரிலுள்ள டி.எம்.வி. திண்டிவனத்தைத்தான் குறிக்கிறது. எங்கள் கொல்லையில் எத்தனையோ வருசம் போட்டது அதைத்தான். விதையும் வேதமும் ஒரே ஊரிலிருந்து வந்தது அவளுக்கு ரொம்பப் பொருத்தமாகப் பட்டது. புத்தகத்தை இரண்டு கையாலும் தூக்கி எடை பார்த்தாள். பிறகு கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

புதிய விவிலியத்தில் அவளுக்கு ஒரு சங்கடம் இருந்தது. அவள் சின்ன வயதில் மனப்பாடம் செய்தது விசுவாச மந்திரம், நம்பிக்கை மந்திரம், தேவசிநேக மந்திரம். இப்போது விசுவாசம் இருந்த இடத்தில் நம்பிக்கை வந்து உட்கார்ந்திருந்தது. நம்பிக்கை இருந்த இடத்துக்கு எதிர்நோக்கு என்று ஒரு புதுச் சொல். எதிர்நோக்குன்னா இன்னா என்று கேட்டாள். வரப்போவதை எதிர்பார்த்துக்கொண்டு நிற்பது என்று ஏதோ சொன்னேன். யோசித்துவிட்டு, "வெதச்சிட்டு வானத்தப் பாக்குறதா?" என்றாள். நான் அதைவிட நல்ல விளக்கத்தை எந்த அகராதியிலும் பார்த்ததில்லை.

அந்தப் பயிற்சியின்போது சி.எஸ்.ஐ. சபைத் தோழி ஒருத்தி ஒரு மாலையில் ஐடா ஸ்கடரைப் பற்றிச் சொன்னாள். நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்ள அமெரிக்காவிலிருந்து திண்டிவனத்துக்கு வந்த இளம்பெண் அவர். மிஷன் வேலையே வேண்டாம், திரும்பிப் போய்விட வேண்டும் என்றுதான் இருந்தாராம். ஒரே ராத்திரியில் மூன்று வீடுகளிலிருந்து பிரசவ வலியில் தவிக்கும் மனைவிக்காகக் கணவன்மார் வந்து அழைத்தார்கள். டாக்டரான அப்பா வருகிறேன் என்றார். ஆண் டாக்டர் கூடாது என்று போய்விட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா போய் மருத்துவம் படித்துவிட்டு 1900இல் திரும்பி வந்தார். வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு அவர் தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. ஆஸ்பத்திரி.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த மூன்று பெண்களுக்காகவும் யாராவது வேண்டியிருப்பார்கள்தானே. அவர்கள் கேட்டது கிடைக்கவில்லை. எங்கள் அப்பாவுக்கும் கிடைக்கவில்லை. கடவுள் கைவிட்டார் என்று சொல்லிவிடலாம், அதுதான் சுலபம். ஆனால் அந்த மூன்று வீட்டுத் துக்கத்துக்குள்ளேயும் அவர் இருந்திருக்கிறார், அங்கிருந்தே ஒரு பெண்ணைக் கூப்பிட்டிருக்கிறார் என்று நான் நம்புகிறேன். ஆயா ஆற்றைத் தாண்டிப் போய்ப் பிழைத்து வந்தாளே, அவள் பக்கத்தில் ராத்திரியெல்லாம் ஒரு நர்சம்மா நின்றாரே, அதையும் அதே கைதான் செய்தது என்று நம்புகிறேன்.

ஆயா தன் எண்பதை நெருங்கும்போது, ஒரு தவக்காலத்தில் போய்ச் சேர்ந்தாள். அவஸ்தைப்பூசுதல் கொடுக்கச் சாமியார் வந்தபோது நினைவோடுதான் இருந்தாள். அந்தச் சீட்டை எடுத்து அவள் காதோரம் குனிந்து நான் படித்தேன். ஒரு வார்த்தை விடாமல், மூன்று தரம். மூன்றாவதில் அவள் உதடு அசைந்தது. பெட்டியில் கிடத்தியபோது சுருக்குப்பையையும் இடுப்பிலேயே வைத்துவிடலாம் என்று அம்மா சொன்னாள். சீட்டு அதற்குள் இருந்தது. புயலுக்குப் பிறகு முறத்தில் காய்ந்துகொண்டிருந்தவற்றில் அது இருக்காது என்று தெரிந்தும், அன்றைக்கு ஒவ்வொன்றையும் பிரித்துத் தேடிக்கொண்டுதான் இருந்தேன்.

புயல் வந்துபோன அந்த டிசம்பரில் கோயில்களிலெல்லாம் புதிய பேனர்கள் தொங்கின. 2025ஆம் ஆண்டைத் திருத்தந்தை பிரான்சிஸ் யூபிலி ஆண்டாக அறிவித்திருந்தார். எதிர்நோக்கின் திருப்பயணிகள் என்பது அதன் கருப்பொருள். கிறிஸ்மஸ் பூசைக்குப் போனபோது, மழையில் பெயர்ந்த சுண்ணாம்பும் இன்னும் காயாத சுவருமாக நின்ற கட்டடங்களைத் தாண்டித்தான் நடந்தேன். விதை மூட்டை நனைந்து போனவர்கள், ஆற்றோரக் கொல்லையில் முழங்கால் அளவுக்கு மணல் ஏறிப்போனவர்கள், மாட்டைப் பறிகொடுத்தவர்கள் எல்லோரும் புதுத்துணி இல்லாமல் வந்து நின்றார்கள். எனக்கு முன்னால் ஒரு பெரியவர் அந்தப் பேனரை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். வருசப்பிறப்பு அன்று செல்போனில் பத்துப் பதினைந்து வாக்குத்தத்தங்கள் சூரியோதயப் படத்தோடு வந்தன. அனுப்பியவர்கள் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி அவர்களுக்காக வேண்டிக்கொண்டேன். அந்த வருசம் எல்லோருக்கும் யாராவது ஏதாவது ஒரு வாக்கைச் சொல்ல வேண்டியிருந்தது.

மார்கழிப் பட்டம் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. கொல்லையில் சேறு இறுகவில்லை. பொங்கலுக்கு முன்னால் ஒருநாள் தம்பி போன் போட்டான். கிணற்றடிக் கொல்லை காலுக்குப் பதமாகிவிட்டதாம், நாளைக்கு விதைக்கிறானாம். இருந்த விதையில் முக்கால்வாசி பூசணம் பிடித்துவிட்டது. மீதிக்கு வெளியில் வாங்கியிருக்கிறான், கடனுக்கு. "நீ வாக்கா" என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஏறினேன். போய்ச் சேர இருட்டிவிட்டது. இடிந்த சுவர் இருந்த இடத்தில் தார்ப்பாய் கட்டியிருந்தான். நடுக்கூடத்தில் விதை மூட்டை, அதன்மேல் ஒரு கொத்து வேப்பிலை. செபமாலை முடிந்தது. அம்மா மாடத்திலிருந்து டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். தம்பி கையைக் கழுவிக்கொண்டு வந்து கண்ணை மூடினான். எடுத்ததை என்னிடம் நீட்டினான். நான் அதை அவன் மகளிடம் கொடுத்தேன். மூன்றாவது படிக்கிறாள்.

காய்ந்து வளைந்துபோன காகிதத்தை அவள் மடியில் வைத்து நீவினாள். எழுத்துகள் சில இடங்களில் ஊறிப் பரவியிருந்தன. மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அத்தை, இது ரொம்ப நீளமா இருக்குது. எல்லாத்தையும் படிக்கணுமா?"

"எல்லாத்தையும் படி தங்கம். மெதுவாப் படி."

அவள் முதல் எழுத்தின் கீழே விரலை வைத்தாள். தம்பி வேப்பிலையை உருவிக் கையில் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தான்.